உயிர்மூச்சின் வரலாறு – 17: வழியில் கசிந்த எலக்ட்ரான்

உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் புரதம் புரதமாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. என்ஏடிஎச் என்னும் துணைநொதியில் தொடங்கி ஆக்சிஜனில் முடியும் இந்தப் பயணத்தில் மின்னழுத்தம் சுமார் 1.1 வோல்ட் இறங்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குத் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் விசையில் ஏடிபி உருவாகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். அதில் மிகப் பெரும்பகுதி இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியில் நீராகிறது.

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளாக மாறுவதற்கு நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ், இரும்புக்கும் தாமிரத்துக்கும் நடுவே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, நான்கும் வந்து சேரும்வரை விடுவதில்லை. ஆனால் அந்த நொதியை அடைவதற்கு முன்பே, சங்கிலியின் நடுவழியில், ஒரேயொரு எலக்ட்ரான் ஆக்சிஜனிடம் தாவிவிட்டால் பிறப்பது சூப்பர் ஆக்சைடு. ஜோடி சேராத எலக்ட்ரானுடன் நிற்கும் இத்தகைய துகள்களை வேதியியல் தனி உறுப்பு என்கிறது. மருத்துவ மேடைகளில் அது ஃப்ரீ ராடிக்கல். இந்தத் தாவல் நடக்கிறது என்பதையும், எங்கே, எந்த நிலையில் நடக்கிறது என்பதையும் அறிய 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது.

ஆக்சிஜனின் சொந்த அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. அதன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் தனித்தனி ஆர்பிட்டால்களில், ஒரே திசைச் சுழற்சியுடன், ஜோடி சேராமல் இருக்கின்றன. எனவே எதிரெதிர்ச் சுழற்சியுள்ள ஒரு ஜோடி எலக்ட்ரான்களை அது ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ள இயலாது. ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும். மரமும் மாவும் மனித உடலும் காற்றில் தாமாகத் தீப்பற்றாமல் இருப்பது இந்தத் தடையினால்தான். ஒற்றை எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய பொருள் அருகில் இருந்தால் தடை விலகிவிடும். முதல் எலக்ட்ரானில் சூப்பர் ஆக்சைடு, இரண்டாவதில் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்றாவதில் ஹைட்ராக்சில், நான்காவதில் நீர் என்று படிகள் இறங்குகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு தனி உறுப்பு அல்ல. ஆனால் ஹைட்ராக்சிலுக்கு வழி அதன் மூலமாகத்தான்.

தனி உறுப்பு என ஒன்று நிலையாக இருக்க முடியும் என்பதையே 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் கைவிட்டிருந்தார்கள். 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க், ஆறு ஃபீனைல் வளையங்கள் கொண்ட ஈத்தேனைத் தயாரிக்க முயன்றார். அவருக்குக் கிடைத்தது காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு பெராக்சைடாக மாறிய ஒரு பொருள். காற்றை விலக்கி மறுபடி செய்தபோது மஞ்சள் நிறக் கரைசல் கிடைத்தது. அதில் டிரைஃபீனைல்மெத்தில் என்னும் தனி உறுப்பு இருப்பதாக அவர் அறிவித்தார். பலர் நம்பவில்லை. 1929-இல் ஃபிரீட்ரிக் பானெத், மெத்தில் தனி உறுப்பு கண்ணாடிக் குழாயில் படிந்த ஈயப் படலத்தைக் கரைத்துச் செல்வதைக் காட்டிய பிறகு ஐயம் அடங்கியது. முதல் தனி உறுப்பைக் காட்டிக்கொடுத்ததே ஆக்சிஜனுடன் அதற்கிருந்த ஈர்ப்புதான் என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

இதற்கிடையில் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதை 1894-இல் விவரித்திருந்தார். அதற்கான காரணத்தை ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும் 1934-இல் முன்வைத்தார்கள்: இரும்பு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு வெளிவருகிறது. அந்தக் கட்டுரை அச்சேறிய ஆண்டின் தொடக்கத்திலேயே, நாஜி ஆட்சியால் நாட்டைவிட்டு வெளியேறியிருந்த ஹேபர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்துவிட்டார். உயிரியலாளர்கள் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படிக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

உயிர்வேதியியலுக்குள் இந்தச் சிந்தனையை முதலில் கொண்டுவந்தவர் லியோனர் மிக்கேலிஸ். நொதிகளின் வேகம் பற்றிய சமன்பாட்டில் மென்டனுடன் சேர்ந்து பெயர் பெற்ற அதே மிக்கேலிஸ்தான். ஜெர்மனியிலிருந்து ஜப்பானின் நகோயாவுக்கும், பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கும் சென்ற அவர், குயினோன்கள் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒருசேர வாங்காமல் இரு படிகளில் வாங்குகின்றன என்று 1930-களில் நிறுவினார். இடைப்படியில் நிற்பது செமிகுயினோன் என்னும் தனி உறுப்பு. உயிர்களில் நடக்கும் எல்லா ஆக்சிஜனேற்றமும் ஒற்றை எலக்ட்ரான் படிகளில்தான் நடக்க வேண்டும் என்றுகூட அவர் வாதிட்டார். அது மிகை, என்ஏடிஎச் தன் இரண்டு எலக்ட்ரான்களையும் சேர்த்தே கொடுக்கிறது. குயினோன்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. மைட்டோகாண்ட்ரியாவில் குயினோன் இருப்பது தெரியவருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட உண்மை அது.

மருத்துவத்தில் வேறொரு நூல் தனியே ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தப்பட்ட ஆக்சிஜன் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் வலிப்பை உண்டாக்கிக் கொல்கிறது என்று பிரான்சின் பால் பெர் 1878-இல் வெளியிட்ட பெருநூலில் காட்டியிருந்தார். உயிர் கொடுக்கும் வாயு உயிரையும் எடுக்கிறது என்ற செய்தி ஆழ்கடல் மூழ்குவோருக்கும் விமானிகளுக்கும் மட்டும் உரியதாக நீண்ட காலம் கருதப்பட்டது. 1940-களில் அது குழந்தைகள் வார்டுக்குள் வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த மருத்துவமனைகளில், அந்தக் குழந்தைகளின் விழித்திரை சிதைந்து பார்வை போனது. பாஸ்டனில் தியோடர் டெர்ரி இந்நோயை 1942-இல் விவரித்தார். ஆக்சிஜன்தான் காரணம் என்ற ஐயத்தை மெல்போர்னின் கேட் கேம்பல் 1951-இல் எழுப்பினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1954-இல் அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கொடுத்தது இப்படி முடிந்தது என்பதால் இந்த எண்ணிக்கை இன்னும் கனக்கிறது.

அந்த 1954 இவ்வரலாற்றின் திருப்புமுனை ஆண்டு. நியூயார்க் மாநிலத்தின் ரோச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா விஞ்ஞானி, டேனியல் கில்பர்ட் முதலியோருடன் சேர்ந்து எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். எக்ஸ் கதிரின் பாதிப்பைக் குறைக்கும் பொருட்கள் சில, ஆக்சிஜன் நச்சிலிருந்தும் எலிகளைக் காத்தன. இரண்டு தீங்குகளும் ஒரே வழியில், தனி உறுப்புகள் மூலமாக நடக்கின்றன என்று அவர் முடிவுகட்டினார். கதிர்வீச்சு நீரை உடைத்துத் தனி உறுப்புகளை உண்டாக்கும் என்பது அப்போது தெரிந்ததே. சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்தும் அவை பிறக்கும் என்பது புதிது. கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதை மதித்தவர்கள் சிலரே. இத்துறையின் தாய் என்று சொல்லத்தக்க கெர்ஷ்மனின் பெயர் இன்றும் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. அது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாரி காமனர் குழுவினர், ஜோடி சேராத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் கண்டறியும் சுழற்சி ஒத்ததிர்வு முறையால், உலர்த்திய திசுக்களில் தனி உறுப்புகள் இருப்பதைக் காட்டினார்கள். வளர்சிதை மாற்றம் மிகுந்த திசுக்களில் அவை அதிகமாகத் தெரிந்தன. ஆண்டின் இறுதியில், ஷெல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்துவிட்டு ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்த டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே தனி உறுப்புகள்தான் காரணமாக இருக்கலாம் என்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் சிந்திக்கத் தொடங்கினார். அவர் கட்டுரை 1956-இல் வெளிவந்தது.

மூன்று பேரிடமும் விடுபட்டிருந்தது ஒன்றுதான்: உயிருள்ள செல்லுக்குள் எந்த வினையில், எந்த இடத்தில் அந்தத் தனி உறுப்பு பிறக்கிறது? ஆற்றல் உற்பத்தி நடக்கும் இடம் அதற்குள் தெளிவாகியிருந்தது. ஏடிபியை 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கியும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகிறது என்று சிகாகோவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் 1940-களின் இறுதியில் நிறுவினார்கள். 1957-இல் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் கிரேன் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு குயினோனைப் பிரித்தெடுத்தார். யுபிகுயினோன் என்றும் துணைநொதி க்யூ என்றும் வழங்கும் அது, சவ்வின் கொழுப்புக்குள் நீந்தி எலக்ட்ரான்களைச் சுமந்து செல்கிறது. சங்கிலி முழுவதும் நான்கு கூட்டுப் புரதங்களாக விஸ்கான்சினிலேயே பிரித்து அடுக்கப்பட்டது. கசிவைத் தேடுவதற்கு வரைபடம் தயார்.

ஆனால் அடுத்த கண்டுபிடிப்பு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரவில்லை. பசும்பாலிலிருந்து எடுத்த ஒரு நொதியிலிருந்து வந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச், பாலிலுள்ள சாந்தீன் ஆக்சிடேஸ் நொதி சைட்டோகுரோம் சி-யை ஒடுக்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற வேறொரு புரதத்தைச் சேர்த்தால் அந்த வினை நின்றுபோனது. அந்தப் புரதம் நொதியுடன் ஒட்டிக்கொண்டு தடுக்கிறது என்பதுதான் முதல் எண்ணம். ஆய்வு மாணவரான ஜோ மெக்கார்ட் கணக்கிட்டுப் பார்த்தபோது அந்த விளக்கம் பொருந்தவில்லை. நொதியிலிருந்து வெளியேறிக் கரைசலில் தனியாகத் திரியும் ஏதோ ஒன்று சைட்டோகுரோமுக்கு எலக்ட்ரானைக் கொண்டு சேர்க்கிறது, தடுக்கும் புரதம் அதை இடைவழியில் அழிக்கிறது என்றால்தான் எண்கள் ஒத்துவந்தன. திரிந்தது சூப்பர் ஆக்சைடு. அதை அழித்ததும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் அல்ல. அதனுடன் கலந்திருந்த மாசு.

மாட்டு இரத்தத்திலிருந்து அந்த மாசைத் தூய்மைப்படுத்தி எடுத்தபோது நீலப்பச்சை நிறத்தில் ஒரு தாமிரப் புரதம் கிடைத்தது. அதை மான் என்பவரும் டேவிட் கெய்லினும் கேம்பிரிட்ஜில் 1938-இலேயே பிரித்தெடுத்து, என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் வெறும் தாமிரக் கிடங்கு போல விட்டுவைத்திருந்தார்கள். 1969-இல் அதற்கு வேலையும் பெயரும் கிடைத்தன: சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். இரண்டு சூப்பர் ஆக்சைடுகளை எடுத்து ஒன்றை ஆக்சிஜனாகவும் மற்றொன்றை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. சந்திக்கும் வேகம் அனுமதிக்கும் அளவுக்கு வேகமாக வேலை செய்யும் நொதிகளில் அது ஒன்று. ஒரு பொருளை அழிப்பதற்கென்றே இவ்வளவு வல்லமையுள்ள நொதி எல்லாச் செல்களிலும் காத்திருக்கிறது என்றால், அந்தப் பொருள் அங்கே ஓயாமல் பிறந்துகொண்டிருக்க வேண்டும். தனி உறுப்பு ஒரு சோதனைக்கூட விந்தை என்ற எண்ணத்தை இந்த ஒரு வாதம் மாற்றிவிட்டது. 1973-இல் வைசிகரும் ஃபிரிடோவிச்சும் கோழி ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மாங்கனீசு கொண்ட மற்றொரு டிஸ்மியூட்டேஸைக் கண்டார்கள். செல்லின் மற்றப் பகுதியிலுள்ள தாமிர நொதியை அது ஒத்திருக்கவில்லை, பாக்டீரியாவின் நொதியையே ஒத்திருந்தது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்ற கருத்துக்கும் இது சான்றாயிற்று.

மைட்டோகாண்ட்ரியாவிலேயே நேராகத் தேடியவர்கள் பிலடெல்பியாவில் இருந்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் நிறுவனத்தை நடத்திய பிரிட்டன் சான்ஸ், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். நிறம் மாறும் வேகத்தை ஒளியால் அளக்கும் கருவிகளை அமைப்பதில் அவருக்கு நிகரில்லை. சுவாசச் சங்கிலியின் துண்டுகளிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருவதை 1966-இல் ஜென்சனும், அடுத்த ஆண்டு ஹின்கிள், ராக்கர், சான்ஸ் முதலியோரும் கவனித்திருந்தார்கள். துண்டாக்கியதால் வந்த கோளாறு என்று அதைத் தள்ளிவிட இடமிருந்தது. 1971-இல் லோஷன், ஃப்ளோஹே, சான்ஸ் மூவரும் புறாவின் இதயத்திலிருந்து எடுத்த முழு மைட்டோகாண்ட்ரியாவே பெராக்சைடை வெளியிடுவதைக் காட்டினார்கள். புவனோஸ் ஐரிஸிலிருந்து வந்திருந்த ஆல்பர்டோ போவேரிஸ், ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு பெராக்சிடேஸின் நிறமாற்றத்தைக் கொண்டு அதைத் துல்லியமாக அளந்தார். 1973-இல் அவரும் சான்ஸும் எழுதிய கட்டுரையில், அழுத்தம் கூட்டிய ஆக்சிஜனில் பெராக்சைடு உற்பத்தி ஏறுவதும் பதிவானது. கெர்ஷ்மன் 20 ஆண்டுகளுக்கு முன் ஊகித்ததற்கு இப்போது அளவு கிடைத்தது.

தாய்ப்பொருளான சூப்பர் ஆக்சைடு தெரியாமல் அதன் சேயான பெராக்சைடு முதலில் தெரிந்ததற்குக் காரணம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் மாங்கனீசு டிஸ்மியூட்டேஸ்தான். உள்ளே பிறக்கும் சூப்பர் ஆக்சைடு மின்னேற்றம் உடையதாகையால் சவ்வைக் கடப்பது கடினம்; கடக்கும் முன்பே நொதி அதைப் பெராக்சைடாக்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவை உடைத்து, உட்சவ்வு வெளிப்புறமாகத் திரும்பிய சிறு குமிழ்களாக்கி, உள்ளிருந்த நொதியைக் கழுவி நீக்கினால் சூப்பர் ஆக்சைடு நேராகக் கரைசலில் வந்து விழும். 1974-இல் லோஷன் குழுவினர் இப்படித்தான் அதைப் பிடித்தார்கள். அட்ரினலின் சிவப்பாக மாறும் வேகத்தை அளப்பது அக்காலத்தில் புழங்கிய முறை. டிஸ்மியூட்டேஸ் சேர்த்ததும் அந்த மாற்றம் நின்றால், காரணம் சூப்பர் ஆக்சைடு என்பது உறுதி.

இனி இடத்தைக் குறிக்க வேண்டும். சங்கிலியின் வெவ்வேறு இடங்களை அடைக்கும் நச்சுகள் இதற்குக் கைகொடுத்தன. ஆன்டிமைசின் என்ற பொருள் மூன்றாம் கூட்டுப் புரதத்தை அடைக்கிறது. அடைத்தால் சுவாசம் நிற்கிறது. ஆனால் பெராக்சைடு உற்பத்தி நிற்பதற்குப் பதிலாக ஏறியது. அடைப்புக்கு முன்னால் எலக்ட்ரான்கள் தேங்கி நின்று, ஆக்சிஜனிடம் தாவுகின்றன. மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் கரையை மீறுவதைப் போன்றது இது. தேங்கும் இடத்தில் இருப்பது யுபிகுயினோன் என்று போவேரிஸ், காடேனாஸ், ஸ்டோப்பானி மூவரும் 1976-இல் காட்டினார்கள்.

அங்கே நடப்பதைப் புரியவைத்தது பீட்டர் மிட்செல் 1975-இல் முன்வைத்த க்யூ சுழற்சி. இரண்டு எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் யுபிகுயினால், மூன்றாம் கூட்டுப் புரதத்தின் வெளிப்புறக் குழியில் ஒன்றை இரும்பு-கந்தகப் புரதத்துக்குக் கொடுக்கிறது. மற்றொன்றைச் சவ்வைக் குறுக்கே கடந்து உட்புறக் குழிக்கு அனுப்ப வேண்டும். முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கொடுக்காத கணத்தில் அது செமிகுயினோன், அதாவது மிக்கேலிஸ் 1930-களில் விவரித்த தனி உறுப்பு. சாதாரணமாக அந்தக் கணம் மிகக் குறுகியது. ஆன்டிமைசின் உட்புறக் குழியை அடைத்துவிட்டால் இரண்டாவது எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இல்லை; செமிகுயினோன் காத்து நிற்கிறது; அருகில் வரும் ஆக்சிஜன் அதை எடுத்துக்கொள்கிறது. குழி வெளிப்புறமாக இருப்பதால் இந்தச் சூப்பர் ஆக்சைடில் ஒரு பகுதி இரு சவ்வுகளுக்கும் இடையிலான வெளியில் விழுகிறது.

இரண்டாவது இடம் முதலாம் கூட்டுப் புரதம். என்ஏடிஎச்சிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களையும் ஒன்றாக வாங்கும் ஃப்ளேவின் என்ற மஞ்சள் நிறத் துணைப்பொருள், அவற்றை இரும்பு-கந்தகத் திரள்களின் வரிசைக்குள் ஒவ்வொன்றாக அனுப்புகிறது. இரண்டை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் இந்த இடத்திலும் கசிவு உண்டு என்று டுரென்ஸும் போவேரிஸும் 1980-இல் அறிவித்தார்கள். ஆக்சிஜன் தொடுவது ஃப்ளேவினையா இரும்பு-கந்தகத் திரளையா என்ற வழக்கு நீண்டது. கேம்பிரிட்ஜில் குஸ்மாலும் ஜூடி ஹர்ஸ்டும் 2006-இல் வெளியிட்ட அளவீடுகள் ஃப்ளேவின் பக்கம் தீர்ப்பளித்தன. ஃப்ளேவின் எந்த அளவுக்கு எலக்ட்ரான் நிறைந்து இருக்கிறதோ அந்த அளவுக்குச் சூப்பர் ஆக்சைடு வருகிறது. அந்த நிறைவைத் தீர்மானிப்பது என்ஏடிஎச்சுக்கும் அதன் ஆக்சிஜனேற்ற வடிவத்துக்கும் உள்ள விகிதம். இங்கே பிறக்கும் சூப்பர் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் விழுகிறது.

இங்கே பொதுவழக்கில் ஊறிப்போன ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். அதிக ஆற்றல் உற்பத்தியானால் அதிகத் தனி உறுப்புகள் என்பது பலரும் எழுதுவது. அளவீடுகள் சொல்வது ஏறக்குறைய எதிர்மாறு. சான்ஸும் வில்லியம்ஸும் 1955-இலேயே மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிலைகளாக வகுத்திருந்தார்கள். ஏடிபி ஆக்குவதற்கான டைபாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது எலக்ட்ரான்கள் விரைந்து ஓடுகின்றன. அது மூன்றாம் நிலை. டைபாஸ்பேட் தீர்ந்ததும் புரோட்டான் அழுத்தம் ஏறி, ஓட்டம் மெதுவாகிறது. அது நான்காம் நிலை. ஆக்சிஜன் செலவு மிகுந்த மூன்றாம் நிலையில் கசிவு குறைவு. செலவு குறைந்த நான்காம் நிலையில் கசிவு அதிகம். ஓட்டம் மெதுவாகும்போது ஃப்ளேவினும் குயினோனும் எலக்ட்ரான் நிறைந்து, ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பதுதான் காரணம். 1997-இல் மாஸ்கோவில் கோர்ஷுனோவ், ஸ்குலச்சேவ், ஸ்டார்கோவ் மூவரும், சவ்வின் மின்னழுத்தத்தைச் சற்றே தளர்த்தினாலும் பெராக்சைடு உற்பத்தி சரிவதைக் காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் வீரியம் மிக்க கசிவு எலக்ட்ரான்கள் பின்னோக்கி ஓடும்போது நிகழ்கிறது. சக்சினேட் என்னும் எரிபொருள் மிகுந்து, குயினோன் நிரம்பி, புரோட்டான் அழுத்தமும் உச்சத்தில் இருந்தால், எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிச் செல்லாமல் முதலாம் கூட்டுப் புரதத்துக்குள் திரும்பி ஏறுகின்றன. 1967-இல் ஹின்கிள் குழு கண்ட பெராக்சைடு இதன் தடயமே. நெடுங்காலம் சோதனைக் குழாயின் விசித்திரமாகக் கருதப்பட்ட இது, 2014-இல் மாரடைப்பு ஆய்வில் உயிர்பெற்றது. எட்வர்ட் சுச்சானி, மைக்கேல் மர்பி முதலியோர், இரத்தம் தடைபட்ட இதயத்தில் சக்சினேட் குவிவதையும், இரத்தம் திரும்பிய சில நிமிடங்களில் அது வேகமாக எரிந்து பின்னோக்கிய ஓட்டத்தால் சூப்பர் ஆக்சைடைப் பொழிவதையும் எலிகளில் காட்டினார்கள். சக்சினேட் குவிவதைத் தடுத்தபோது இதயத்தின் சேதம் குறைந்தது. அடைபட்ட குழாயைத் திறந்த பிறகும் இதயத் தசை ஏன் மடிகிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு திடமான விடை.

பிறந்த சூப்பர் ஆக்சைடு தானே பெரிய முரடன் அல்ல. பல மூலக்கூறுகளுடன் அது மந்தமாகவே வினைபுரிகிறது. 1980-களில் சில வேதியியலாளர்கள் அதன் தீமையையே மறுத்தார்கள். அது குறிவைப்பது இரும்பு-கந்தகத் திரள்களை. அக்கோனிட்டேஸ் போன்ற நொதிகளின் திரளைத் தாக்கி, இரும்பை உதிர்க்கிறது. உதிர்ந்த இரும்பும் பெராக்சைடும் சந்தித்தால் ஃபென்டன் கண்ட வினை நடந்து ஹைட்ராக்சில் பிறக்கிறது. அது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அருகில் இருப்பதைத் தாக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. எனவே உடல் அதற்கு முந்தைய படிகளிலேயே அணை கட்டுகிறது: சூப்பர் ஆக்சைடுக்கு டிஸ்மியூட்டேஸ், பெராக்சைடுக்கு செலினியம் கொண்ட குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் பெராக்சிரெடாக்சின்களும். மாங்கனீசு டிஸ்மியூட்டேஸ் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் பிறந்து 10 நாட்களுக்குள் இதயம் வீங்கி இறந்ததை 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஹார்மன் 1972-இல் தன் கருத்தைத் திருத்தி, முதுமையின் கடிகாரம் மைட்டோகாண்ட்ரியாவில்தான் ஓடுகிறது என்று எழுதினார். அது வேகமாகப் பரவியது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பான் மாத்திரைகளுக்குச் சந்தையும் பெருகியது. சான்றுகள் அவ்வளவு எளிதாக அமையவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கேட்டலேஸ் நொதியைச் செலுத்திய சுண்டெலிகள் கூடுதலாக வாழ்ந்தன என்று 2005-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் ஒரு வகைப் புழுவில் ஐந்து டிஸ்மியூட்டேஸ் மரபணுக்களையும் நீக்கியும் அதன் ஆயுள் குறையவில்லை என்று 2012-இல் மற்றொன்று காட்டியது. மனிதரிடம் நடந்த சோதனை கசப்பானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவில் வரும் காய்கனியும் மாத்திரையில் வரும் பெருமளவும் ஒன்றல்ல. கசிவு செல்லுக்குள் செய்தியாகவும் பயன்படுகிறது என்பது பின்னர் தெரிந்தது; வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்லச் சூப்பர் ஆக்சைடை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன என்று பேபியர் 1973-இலேயே காட்டியிருந்தார்.

சுவாசிக்கும் ஆக்சிஜனில் 2 சதவீதம் தனி உறுப்பாகிறது என்ற வாக்கியம் ஹார்மனின் கருத்துடன் சேர்ந்து உலகம் சுற்றியது. அதன் மூலம் போவேரிஸும் சான்ஸும் 1973-இல் எழுதிய கட்டுரை. அவர்கள் அளந்தது பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை. சக்சினேட் போன்ற எரிபொருள் அளவுக்கு மீறி இருக்க, டைபாஸ்பேட் இல்லாத நான்காம் நிலையில். திசுக்களில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் கரைந்த நீரில். கசிவு எவ்வளவு தூரம் ஏறக்கூடும் என்று காட்டுவதற்கு அது சரியான சோதனை. உயிருள்ள உடலின் அன்றாடக் கணக்காக அதை அவர்கள் முன்வைக்கவில்லை. பின்வந்தவர்கள் நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2002-இல் மார்ட்டின் பிராண்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் உடலில் உள்ளதற்கு நெருக்கமான எரிபொருளைக் கொடுத்து அளந்தபோது, மேல்வரம்பே 0.15 சதவீதமாக வந்தது. ஆனாலும் பழைய எண் பாடநூல்களிலும் மாத்திரைப் புட்டிகளின் விளம்பரங்களிலும் இருந்துவருகிறது. அந்த 2 சதவீதத்தை எழுதுகிறவர்கள், எந்த நிலையில் அளந்த 2 சதவீதம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மாணவருக்கும் நோயாளிக்கும் அவர்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.

(தொடரும்)